மிஸ்டரி ஷாப்பர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எட்டு வருடமாக இந்த வேலையைப் பகுதி நேரமாகச் செய்து வருகிறேன். புத்தகங்களுக்குப் பிழை திருத்துவதுதான் என் முழு நேரத் தொழில். அதற்கு நடுவே மாதத்தில் ஆறேழு நாள், யாரோ ஒரு வாடிக்கையாளராகக் கடை ஏறி இறங்குகிறேன். "சும்மா சாப்பிட்டுட்டு வந்தா காசு தர்றாங்களாமே?" என்று பக்கத்து வீட்டிலிருந்து உறவுக்காரர் வரை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் "இந்த மெசேஜ் உண்மையான்னு பாருங்க" என்று போனை நீட்டுபவர்கள்தான் அதிகம். அவர்களில் சிலர் அதற்குள் பணத்தைக் கட்டியும் விட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை உட்கார்ந்து எழுதினேன்.

மிஸ்டரி ஷாப்பர் என்றால் யார்?

ஒரு கடைக்கோ ஹோட்டலுக்கோ வங்கிக் கிளைக்கோ சாதாரண வாடிக்கையாளரைப் போலப் போய், அங்கே நடப்பதைக் கவனித்து, வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதிக் கொடுப்பவர். ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போன கதையெல்லாம் கேட்டிருப்பீர்கள். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் முதலாளியால் அப்படிப் போக முடியாது. போனாலும் கிளையில் இருப்பவர்களுக்கு அவர் முகம் தெரியும். அதனால் அவருக்குப் பதில் நாம் போகிறோம்.

நிறுவனம் நம்மை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்வது அபூர்வம். நடுவில் ஓர் ஏஜென்சி இருக்கும். கேள்விப் படிவத்தைத் தயாரிப்பது, ஆள் அனுப்புவது, அறிக்கையைச் சரிபார்ப்பது, பணம் தருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாம் அவர்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர்கள் அல்ல. வேலைக்கு வேலை காசு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. கடை ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் கல்லாவில் கை வைக்கிறார்களா என்று பார்க்கத் தனியார் துப்பறிவாளர்களை வாடிக்கையாளர் போல அனுப்பியதுதான் இதன் தொடக்கம். 1940களில் வில்மார்க் என்ற நிறுவனம் இதற்கு 'மிஸ்டரி ஷாப்பிங்' என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். திருட்டைப் பிடிக்கத் தொடங்கிய வேலை, பிறகு சேவையின் தரத்தைப் பார்க்கும் வேலையாக மாறியது. 1998இல் இந்த ஏஜென்சிகள் சேர்ந்து எம்எஸ்பிஏ என்ற சங்கத்தை அமைத்தன. இன்று ஆசிய பசிபிக் பகுதிக்கும் அதன் கிளை இருக்கிறது.

எந்த மாதிரி இடங்களுக்கு அனுப்புவார்கள்?

பீட்சா, பர்கர் கடைகள், ஜவுளி ஷோரூம்கள், கார் ஷோரூம்கள், செல்போன் கடைகள், வங்கிகள், நகைக் கடைகள், பெட்ரோல் பங்க்குகள். சில சமயம் போனில் மட்டும் பேசும் வேலையும் வரும்: கஸ்டமர் கேருக்கு அழைத்து, எத்தனை நிமிடம் காத்திருக்க வைத்தார்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று எழுத வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பெட்ரோல் பங்க். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பார்க்க வேண்டியது ஏகப்பட்டது. போடுவதற்கு முன் மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டினார்களா, கேட்காமலே பில் வந்ததா, காற்று இலவசமாக அடித்தார்களா, குடிநீர் இருக்கிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். சில படிவங்களில் அளவையும் சோதிக்கச் சொல்வார்கள். எடையளவுத் துறை முத்திரை போட்ட 5 லிட்டர் குவளை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் பிடித்துப் பார்த்தால் 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. வடிதாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பார்க்கவும் கேட்கலாம். சுத்தமான பெட்ரோல் கறை விடாமல் ஆவியாகிவிடும். இதையெல்லாம் கேட்பது எந்த வாடிக்கையாளருக்கும் உள்ள உரிமை என்பதே இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இப்போது என் சொந்த வண்டிக்கு பெட்ரோல் போடும்போதும் கேட்கிறேன்.

நகைக் கடைக்குப் போனால் பெரும்பாலும் வாங்க வேண்டியதில்லை, விசாரித்தால் போதும். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்கிறார்களா, நாம் கேட்காமலே ஹால்மார்க்கைக் காட்டுகிறார்களா என்று பார்ப்போம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, தூய்மை, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்களில் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஹெச்யூஐடி என்ற அடையாள எண் ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யூஐடி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம் என்று விற்பவரே சொன்னால் அவருக்கு நல்ல மதிப்பெண் விழும்.

ஒரு வேலை எப்படி நடக்கும்?

முதலில் மெயிலில் ஒரு குறிப்பு வரும். ப்ரீஃப் என்போம். எந்தக் கிளை, எந்தத் தேதிக்குள், எத்தனை மணிக்குள், எதை வாங்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். பத்துப் பதினைந்து பக்கம்கூட வரும். இதை இரண்டு முறை படிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். "மதியம் 12.30 முதல் 2.30க்குள்" என்று போட்டிருந்தால் 2.35க்கு உள்ளே போனது செல்லாது. சாப்பிட்ட காசும் போச்சு, வேலைக்கான காசும் போச்சு.

கடைக்குள் கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. எல்லாம் ஞாபகத்தில்தான். நேரத்தைக் குறிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். உள்ளே நுழையும்போது என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் "வந்துட்டேன்" என்று அனுப்புவேன். ஒருவர் வந்து பேசியதும் "ம்". ஆர்டர் கொடுத்ததும் "சரி". தட்டு வந்ததும் ஒரு புள்ளி. வெளியே வந்து அந்த உரையாடலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணி இருக்கும். கடையில் உட்கார்ந்து போனை நோண்டும் ஒருவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் தங்கையும் இப்போது இதற்கெல்லாம் பதில் அனுப்புவதில்லை, பழகிவிட்டாள்.

அப்புறம் வீட்டுக்கு வந்து அறிக்கை. பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஆம், இல்லை கேள்விகள் நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் கீழே என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பில்லின் படத்தை இணைக்க வேண்டும். மறுநாள் ஏஜென்சியிலிருந்து ஒருவர் அழைத்து, "பில்லில் 1.47 என்று இருக்கிறது, நீங்கள் 1.40க்கு உணவு வந்ததாக எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்பார். அங்கே பணம் கட்டிய பிறகுதான் உணவு தருவார்கள் என்றால் உங்கள் கணக்கு எங்கோ தவறியிருக்கிறது. அதைச் சரி செய்த பிறகே அறிக்கை ஏற்கப்படும்.

எவ்வளவு கிடைக்கும்? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு வரும் வேலைகளில் பெரும்பாலும் 250 முதல் 600 ரூபாய் வரை தருகிறார்கள். வாங்கிய பொருளுக்கோ சாப்பிட்டதற்கோ ஒரு வரம்பு வரை திருப்பித் தருவார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். வேலைக்கு 300 ரூபாய், சாப்பாடு அவர்கள் செலவு. குரோம்பேட்டையிலிருந்து அண்ணா நகர் போய்வர என் கையிலிருந்து 40 ரூபாய். போக்குவரத்துக்கு ஒன்றரை மணி நேரம், கடைக்குள் முக்கால் மணி நேரம், அறிக்கைக்கு ஒன்றேகால் மணி நேரம். மூன்றரை மணி நேரத்துக்குக் கையில் நிற்பது 260 ரூபாய். மணிக்கு 75 ரூபாய்கூட வரவில்லை. ஒரே நாளில் ஒரே பக்கத்தில் மூன்று வேலை அமைந்தால்தான் கொஞ்சம் கட்டுப்படியாகும்.

இன்னொன்று: முதலில் போடுவது நம் கைக்காசு. அது திரும்பி வர ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். மாதக் கடைசியில் இருக்கும் ஆயிரம் ரூபாயை இதில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டிலிருக்கும் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று மேல்செலவுக்குச் செய்பவர்களுக்கு இது சரிப்படும். வீட்டு வாடகைக்கு இதை நம்ப வேண்டாம்.

சேர என்ன தகுதி வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா?

18 வயது, பான் எண், வங்கிக் கணக்கு, ஓரளவு நல்ல கேமரா உள்ள போன், பார்த்ததை அப்படியே எழுதத் தெரிவது. பெரும்பாலான படிவங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பெரிய ஆங்கிலம் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியம் போதும்.

பணம் கட்ட வேண்டாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், பாதுகாப்பு வைப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். நமக்குக் காசு தர வேண்டியவர்கள் அவர்கள்.

டெலிகிராமில் ஒரு வேலை வந்திருக்கிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வரும். பெரிய கம்பெனியின் ஹெச்.ஆர். என்று ஒரு பெண்ணின் படம் இருக்கும். "வீட்டிலிருந்தே ஹோட்டல்களை மதிப்பிடும் வேலை, மிஸ்டரி ஷாப்பர் மாதிரி" என்பார்கள். கூகுள் மேப்ஸில் மூன்று ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பினால் 150, 200 ரூபாய் உண்மையாகவே உங்கள் கணக்கில் விழும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காசு வந்துவிட்டதே, அப்போது நிஜம்தானே என்று தோன்றிவிடும்.

அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே நூறு பேர் "எனக்கு 8,000 வந்தது", "எனக்கு 20,000 வந்தது" என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் அந்தக் கும்பலின் ஆட்கள்தான். பிறகு 'ப்ரீபெய்ட் டாஸ்க்' என்று ஆரம்பிக்கும். 1,000 கட்டினால் 1,300 வரும். 5,000 கட்டினால் திரையில் உங்கள் கணக்கில் 7,000 தெரியும், ஆனால் எடுக்க முடியாது. எடுப்பதற்கு இன்னும் ஒரு டாஸ்க், அதற்கு 15,000. அப்புறம் வரி, அப்புறம் அபராதம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மகளின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்ததை இப்படி நான்கே நாளில் விட்டுவிட்டார். ஐந்தாம் நாள்தான் எனக்கு போன் செய்தார். அவர் ஏமாளி இல்லை, ஒரு கடையில் கணக்கு பார்ப்பவர்.

உண்மையான வேலையில் நீங்கள் ஓர் இடத்துக்கு நேரில் போவீர்கள் அல்லது போனில் அழைப்பீர்கள். நல்லதையும் கெட்டதையும் எழுதுவீர்கள். போகாத ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது எந்த ஏஜென்சிக்கும் வேலை இல்லை.

"உங்கள் கணக்குக்குப் பணம் வரும், அதை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள், கமிஷன் தருகிறோம்" என்று கேட்டால் இன்னும் ஆபத்து. அது வேறு யாரிடமோ திருடிய பணம். போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு இதே மோசடி காசோலையாக வரும். தபாலில் பெரிய தொகைக்கு ஒரு காசோலை அனுப்பி, "இதை உங்கள் கணக்கில் போடுங்கள், உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதிக்கு கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்களை அனுப்புங்கள், கடையின் சேவையை மதிப்பிடுங்கள்" என்பார்கள். வங்கி ஓரிரு நாளில் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும். காசோலை போலி என்பது தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நீங்கள் அனுப்பிய பணம் போயிருக்கும், வங்கிக்கு நீங்கள் கடன்காரர் ஆகியிருப்பீர்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி இதைப் பற்றிப் பல வருடமாக எச்சரித்துக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். என்ன செய்வது?

இந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் இன்னும் கை மாறாமல் ஏதாவது ஒரு கணக்கில் நின்றால் அதை முடக்க முடியும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணப் பரிமாற்ற எண், அனுப்பிய யுபிஐ முகவரி, உரையாடலின் படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். குழுவை விட்டு வெளியேறும் கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கவும் வேண்டாம். மறைத்து வைத்தவர்கள்தான் "கடைசியாக ஒரு தடவை" என்று மீண்டும் கட்டுகிறார்கள்.

இது வேவு பார்ப்பது இல்லையா? நம்மால் ஒருவர் வேலை போகாதா?

எனக்குத் தூக்கம் வராமல் செய்த கேள்வி இது. சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நல்ல நிறுவனங்கள் இதைப் பயிற்சிக்காகப் பயன்படுத்துகின்றன. 'இந்தக் கடையில் யாருமே பில்லைக் கேட்காமல் தருவதில்லை' என்று தெரிந்தால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரே ஒரு அறிக்கையை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் எல்லாக் கடையிலும் அப்படி நடப்பதில்லை. மதிப்பெண் குறைந்தால் மாத இன்சென்டிவ் வெட்டும் இடங்கள் உண்டு. கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் பெரிய காசு. அதை மனதில் வைத்துத்தான் நாம் எழுத வேண்டும்.

ஒரு தடவை உஸ்மான் ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடை. மூன்றாவது மாடி, சுடிதார் பிரிவு. மணி மாலை 3.42. அங்கிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். துணி அடுக்கின் மறைவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தாள். எலுமிச்சை சாதம். என்னைப் பார்த்ததும் மூடியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள், புறங்கையால் வாயைத் துடைத்தபடி. "சொல்லுங்க அக்கா, என்ன கலர்ல பாக்கறீங்க?" அதற்குப் பிறகு இருபது நிமிடம், நான் கேட்டதையெல்லாம் எடுத்துப் போட்டாள். பாதத்தை மாற்றி மாற்றி ஊன்றி நின்றதைப் பார்த்தேன். காலையிலிருந்து நிற்கிறாள் என்று புரிந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி: 'உங்களை வரவேற்றபோது ஊழியர் நின்றுகொண்டிருந்தாரா?' இல்லை என்றுதான் போட வேண்டும், பொய் எழுத முடியாது. அதற்குக் கீழே இருந்த குறிப்புப் பகுதியில் இப்படி எழுதினேன்: 'மாலை 3.42. ஊழியர் உட்கார்ந்து உணவைத் தொடங்கியிருந்தார். என்னைப் பார்த்த ஐந்து விநாடிக்குள் உணவை மூடிவிட்டு எழுந்து வந்தார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும். இந்தக் கேள்வி அந்தச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை.' ஏஜென்சியிலிருந்து அழைத்தார்கள். "மேடம், உங்க கருத்து வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றார்கள். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன், சட்டமும் நடந்ததுதான் என்றேன். கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் குறிப்பை அப்படியே அனுப்பினார்கள். சில மாதம் கழித்து அதே கடைக்கு வந்த படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. என் குறிப்பினால்தானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை. ஆனால் அன்று எழுதாமல் விட்டிருந்தால் நான் இந்த வேலையை விட்டிருப்பேன்.

ஆக என் பதில்: கடை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போகிறீர்கள் என்றால் இது நேர்மையான வேலை. ஒரு ஆளின் வயிற்றில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இது வேவு. "அவரைச் சீண்டிப் பாருங்கள், கோபப்படுகிறாரா என்று எழுதுங்கள்" என்று கேட்கும் வேலைகள் வரும். நான் எடுப்பதில்லை.

அறிக்கை எப்படி எழுத வேண்டும்?

கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு வங்கியைப் பற்றி 'ஊழியர் அலட்சியமாக இருந்தார்' என்று எழுதினேன். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினார்: "அலட்சியம் என்றால் என்ன செய்தார்?" யோசித்துப் பார்த்தேன். நான் பேசும்போது அவர் இரண்டு முறை திரையைப் பார்த்தார், அவ்வளவுதான். ஒருவேளை என் கணக்கையே பார்த்திருக்கலாம். அலட்சியம் என்பது நானாகச் சேர்த்தது. 'நான் கேள்வி கேட்கும்போது இரண்டு முறை கணினித் திரையைப் பார்த்தார், பதில் முழுமையாகச் சொன்னார்' என்று மாற்றினேன். அந்த ஊழியருக்கு இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

கூட்டம் எவ்வளவு, எத்தனை கவுண்டர் திறந்திருந்தது என்பதைப் படிவம் கேட்காவிட்டாலும் சேர்த்து எழுதுங்கள். பத்து பேர் வரிசையில் நிற்க, ஒரே ஆள் பில் போட்டுக்கொண்டிருந்தால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்காதது அவர் குற்றம் இல்லை. ஆள் போதாததுதான் அங்கே பிரச்சினை, அது தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும்.

நல்லது நடந்தால் பெயரோடு எழுதுங்கள். பல கடைகளில் முழு மதிப்பெண் வாங்கிய ஊழியருக்குப் பரிசு தருகிறார்கள். இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

கண்டுபிடித்துவிட்டால்?

"நீங்க ஆடிட்டுக்கு வந்திருக்கீங்களா மேடம்?" என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள். "என்ன ஆடிட்?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். சந்தேகம் வந்ததை மட்டும் அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள். ஏஜென்சி அந்தக் கிளைக்கு உங்களைச் சில மாதம் அனுப்பாது.

ரகசியமாக ஆடியோ, வீடியோ எடுக்கலாமா?

ப்ரீஃபில் எழுத்தில் கேட்டிருந்து, ஊழியர்களுக்கு இப்படி ஒரு பதிவு நடக்கலாம் என்று நிறுவனம் முன்பே சொல்லியிருந்தால் மட்டும். நீங்களாக எடுக்க வேண்டாம். கடை முகப்பு, தட்டு, பில் போன்றவற்றைப் படம் எடுப்பதில் பிரச்சினை இல்லை. ஊழியர் முகமும் பிற வாடிக்கையாளர் முகமும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரையல் ரூம், கழிப்பறைப் பக்கம் போனையே வெளியில் எடுக்காதீர்கள். கழிப்பறையில் கை கழுவும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் படிவங்கள் உண்டு. நான் எழுத்தில் மட்டும் தருகிறேன்.

தெரிந்தவர் வேலை பார்க்கும் கடைக்குப் போகலாமா?

கூடாது. ஏஜென்சியிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நாம் முன்பு வேலை பார்த்த நிறுவனமும் அப்படித்தான்.

கடைகளைத் தவிர வேறு எங்காவது இந்த முறை பயன்படுகிறதா?

நிறைய. ரிசர்வ் வங்கி அதிகாரிகளே வங்கிக் கிளைகளுக்கு யாரென்று சொல்லாமல் போய், கிழிந்த நோட்டை மாற்றித் தருகிறார்களா, சில்லறை தருகிறார்களா என்று பார்ப்பதுண்டு.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் 'ஸ்டாண்டர்டைஸ்டு பேஷன்ட்'. பயிற்சி பெற்ற ஆட்கள் நோயாளியாக நடிப்பார்கள். 1963இல் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் மருத்துவ மாணவர்களைச் சோதிக்க இதைத் தொடங்கினார். டெல்லியில் 2014இல் இப்படி 17 பேருக்குப் பயிற்சி கொடுத்து, காசநோய் அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டு மருத்துவம் பார்ப்பவர்களிடம் அனுப்பினார்கள். 75 பேரிடம் 250 முறை போனதில், 52 முறைதான் சரியாகக் கையாளப்பட்டது. நூற்றுக்கு 21. ஒரு கருத்துக்கணிப்பு எடுத்து "காசநோய் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தால் இதைவிட நிறைய பேர் சரியான பதிலைச் சொல்லியிருப்பார்கள். நோயாளியாகப் போய் உட்கார்ந்தால்தான் உண்மை தெரியும்.

ஆயுள் காப்பீட்டிலும் பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் செய்தார்கள். பாலிசி வாங்க வந்தவர்கள் போல ஏஜென்டுகளிடம் ஆட்களை அனுப்பினார்கள். இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசியே போதும் என்ற நிலையிலும், கமிஷன் அதிகம் கிடைக்கும் வேறு பாலிசியையே பெரும்பாலான ஏஜென்டுகள் தலையில் கட்டப் பார்த்தார்கள். 2010 ஜூலையில், காப்பீட்டோடு சந்தை முதலீட்டையும் சேர்த்த யூலிப் திட்டங்களுக்குக் கமிஷனை வெளியே சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. உடனே ஏஜென்டுகள் யூலிப்பை விட்டுவிட்டு, அந்த விதி பொருந்தாத வேறு திட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, வங்கியில் யாராவது "இதுல நல்ல ரிட்டர்ன்ஸ் மேடம்" என்றால், "உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?" என்று கேட்டுவிடுகிறேன். அது வேலைக்காக இல்லை, எனக்காக.

அங்கே பெரிய தவறைப் பார்த்தால் புகார் செய்யலாமா?

அறிக்கையில் உள்ளதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்போம், அதை மதிக்க வேண்டும். முதலில் ஏஜென்சிக்கு எழுதுங்கள். அதே தவறு உங்கள் சொந்தப் பணத்துக்கு, சொந்தமாகப் போன நாளில் நடந்தால் நீங்கள் வெறும் வாடிக்கையாளர். எம்ஆர்பிக்கு மேல் வாங்கினாலும், ஹோட்டல் பில்லில் கேட்காமல் சேவைக் கட்டணம் சேர்த்தாலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம், நான் அப்படித்தான் போகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நெடுஞ்சாலை பங்க்குகளை மட்டும் எடுப்பதில்லை. ஒரு இடம் சரியில்லை என்று பட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். 300 ரூபாய்க்காக நிற்க வேண்டாம்.

வரி பிடிப்பார்களா?

சில ஏஜென்சிகள் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தரும். பிடித்தது வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் தெரியும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பான் கொடுக்காவிட்டால் அதிகமாகப் பிடிப்பார்கள்.

நாளைக்கு முதல் வேலை. என்ன எடுத்துக்கொண்டு போவது?

சார்ஜ் உள்ள போன், வரம்பை விடக் கொஞ்சம் அதிகப் பணம், ப்ரீஃபில் சொல்லச் சொன்ன கதை. எடுத்துக்காட்டாக 'அண்ணன் கல்யாணத்துக்குப் புடவை' என்றால், கல்யாணம் எப்போது, எந்த ஊரில் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல விற்பனையாளர் கட்டாயம் கேட்பார்.

வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்பே ஊழியர் பெயர், நேரங்கள், பில் தொகை மூன்றையும் போனில் எழுதிவிடுங்கள். பெயர் அட்டை இல்லையென்றால் தோற்றத்தை எழுதுங்கள்: கண்ணாடி போட்டவர், நீலச் சட்டை, முப்பது வயது இருக்கலாம். பில்லை அங்கேயே படம் எடுங்கள். வெயிலில் பர்ஸுக்குள் இரண்டு நாள் கிடந்தால் அந்தத் தாளில் எழுத்தெல்லாம் மங்கிவிடும், அப்புறம் சாப்பிட்ட காசைக் கேட்டு வாங்க கையில் ஒன்றும் இருக்காது.